எண்ணெய் விடாத இடங்கள்

மாமா வாட்சைக் கழற்றி என் மேசைமேல் வைத்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே கால். அவர் வாட்சில் பதினொன்று ஆக மூன்றே நிமிடம் பாக்கி. காலை ஆறு மணிக்குத்தான் நேரம் சரிபார்த்துச் சாவி கொடுத்தாராம்.

"நின்னு போயிருந்தா கவலைப்பட மாட்டேன் மாப்ள. இது ஓடுது. எங்கயோ அவசரமா ஓடுது" என்றார்.

மாமா என் அக்காவின் கணவர், பாண்டிச்சேரி முதலியார்பேட்டைக்காரர். ஏ.எஃப்.டி. துணி மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்தவர். 1898இல் தொடங்கிய அந்த மில்லை 2020இல் மூடிவிட்டார்கள். வேலை நிரந்தரமான மாதம் வாங்கிய எச்.எம்.டி. ஜனதாதான் இந்த வாட்ச். மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத் தினமும் அதற்குச் சாவி கொடுத்தவர், சங்கு நின்றபிறகும் அதே நேரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பாண்டிச்சேரி மில் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை என்பது சும்மா கிடைத்ததில்லை. 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிர்விட்ட பிறகு கிடைத்தது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நினைவஞ்சலிக்குப் போய் வருவார். நேரம் தப்பாகக் காட்டும் வாட்சைக் கட்டிக்கொண்டு அவரால் தெருவில் நடக்க முடியாது. அதை நான் நன்றாக அறிவேன்.

வாட்ச் கெட்ட கதை ஃபெஞ்சல் புயலில் ஆரம்பிக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு புயல் கரையைக் கடந்தது. விடிந்தபோது மாமா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த வாட்ச் இரண்டு நாள் அந்தச் சேற்றுத் தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் ஒரு கடையில் கொடுத்தார். அங்கே கழுவி, எண்ணெய் போட்டு, அன்று சாயங்காலமே திருப்பித் தந்துவிட்டார்கள். நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. பத்து நாள் கழித்து வேகம் பிடிக்க ஆரம்பித்து, என்னிடம் வந்தபோது மணிக்குப் பத்து நிமிடம் முந்திக்கொண்டிருந்தது.

எனக்குத் தொழில் தையல் மிஷின் ரிப்பேர். முத்தியால்பேட்டையில் இருபத்தெட்டு வருஷமாகச் செய்கிறேன். வாட்ச் வேலை பழக்கத்தில் வந்தது, அதற்கு நான் காசு வாங்குவதில்லை. கற்றுக்கொடுத்தவர் மணிக்கூண்டுப் பக்கம் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருந்த ஒரு பாய். இப்போது கடை போடுவதில்லை, காரைக்காலில் மகள் வீட்டோடு இருக்கிறார். அவரிடம் நான் போய்ச் சேர்ந்ததே ஒரு தப்பு செய்துதான்.

அப்போது என்னிடம் எச்.எம்.டி. கோஹினூர் ஒன்று இருந்தது. அது மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடும் எதற்கும் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் எண்ணெய். மிஷினுக்கு எண்ணெய் விட்டுத்தானே பிழைப்பு நடக்கிறது? தையற்காரர்களிடம் இன்றைக்கும் சொல்கிறேன்: வாரம் ஒரு தடவை எல்லா ஓட்டையிலும் இரண்டு சொட்டு விடுங்கள், ஷட்டிலில் மூன்று சொட்டு விடுங்கள், வழிந்தால் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். அதே கையோடு கோஹினூரின் பின்மூடியைத் திறந்து, வெள்ளை மிஷின் எண்ணெயை ஊசி முனையால் எடுத்து, கண்ணில் பட்ட எல்லா இடத்திலும் விட்டேன். ஒரு வாரம் அருமையாக ஓடியது. மூன்றாம் வாரம் நின்றது.

பாய் திறந்து பார்த்துவிட்டுத் திட்டவில்லை. ஐ கிளாசை என் கண்ணில் வைத்து, "கல்லுக்குள்ள பாருங்க தம்பி. எண்ணெய் இருக்கா?" என்று கேட்டார். வாட்ச் முழுக்க எண்ணெய் மினுமினுத்தது. ஆனால் சக்கரத்தின் ஊசிமுனை உட்கார்ந்து சுழலும் அந்தச் சின்னச் சிவப்புக் கல்லுக்குள் மட்டும் ஒரு துளியும் இல்லை. காய்ந்து கிடந்தது.

எப்படி என்று அங்கேயே செய்து காட்டினார். இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒரு ஓரம் ஒட்டும்படியும் மறு ஓரம் லேசாகப் பிரிந்திருக்கும்படியும் பிடித்து, நடுவில் ஒரு பொட்டு எண்ணெய் வைத்தார். எண்ணெய் தானாக நகர்ந்து குறுகலான பக்கம் போய் நின்றது. கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பினாலும் இறங்கவில்லை. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதே, அதே சக்திதான். வாட்ச் கல்லில் கிண்ணம்போல ஒரு குழி வெட்டியிருப்பார்கள். குழியின் அடியில்தான் ஊசிமுனைக்கும் கல்லுக்கும் நடுவே மிகக் குறுகிய இடைவெளி. அளவாக வைத்தால் எண்ணெய் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் அங்கேயே நிற்கும். குழி நிரம்பி வழிய வைத்தால் விளிம்பைத் தாண்டிப் பித்தளைத் தகட்டைத் தொட்டுவிடும். தொட்டதும் தகட்டின்மேல் படர ஆரம்பித்து, குழிக்குள் இருந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதிகமாக எண்ணெய் விட்டதால்தான் என் கோஹினூரின் கல் காய்ந்தது. மிஷின்காரனுக்கு அது தலைகீழ்ப் பாடம். அன்று மாலை முதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தேன்.

சரி, மாமாவின் ஜனதாவுக்கு வருகிறேன்.

கன்னாபின்னாவென்று முந்தி ஓடும் வாட்சில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காந்தம். செல்போன் ஸ்பீக்கர், காந்தப் பூட்டு வைத்த கைப்பை, என் கடையில் ஊசி பொறுக்கும் காந்தம் என்று எதுவும் வாட்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுருளான ஹேர் ஸ்பிரிங்குக்குக் காந்தம் ஏற்றிவிடும். மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த குட்டித் திசைகாட்டியை வாட்ச்மேல் வைத்தேன். முள் அசையவில்லை. அப்படியானால் காந்தம் இல்லை. மீதி இருப்பது எண்ணெய்தான்.

பின்மூடியைக் கத்தி கொடுத்து எடுத்தேன். உள்பக்கத்தில் பழைய ரிப்பேர்காரர்கள் ஊசியால் கீறிய அடையாளங்கள் மூன்று இருந்தன. ஒன்று தேதி, மற்றவை அவரவருக்கு மட்டும் புரியும் எழுத்துகள். அப்புறம் உள்ளே பார்த்தேன். எண்ணெயில் போட்டு எடுத்ததுபோல எல்லாம் பளபளவென்று இருந்தது. சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடான பிரிட்ஜ்மேல், ஸ்க்ரூ தலைகள்மேல், பல்சக்கரங்களின் பல்லிடுக்கில் எல்லாம் எண்ணெய். ஐ கிளாஸ் வைத்து ஹேர் ஸ்பிரிங்கைப் பார்த்தேன். தலைமுடியைவிட மெல்லிய அந்தச் சுருள், கொசுவர்த்திபோலச் சீரான இடைவெளியோடு விரிந்து சுருங்க வேண்டும். இங்கே வெளிச்சுற்று இரண்டும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு ஒரே சுற்றாக நகர்ந்தன. ஒட்டிக்கொண்ட சுருள் நீளம் குறைந்த சுருளுக்குச் சமம். நீளம் குறைந்தால் விறைப்பு கூடும். விறைப்பு கூடினால், அந்தச் சுருளோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் ஆடும் பாலன்ஸ் வீல் போன வேகத்தில் திரும்பி வரும். ஜனதா மணிக்கு 18,000 துடிப்பு துடிக்க வேண்டிய வாட்ச். அதாவது நொடிக்கு 5, நாளுக்கு 4,32,000. ஒவ்வொரு துடிப்பும் ஏழில் ஒரு பங்கு முந்தினாலே நாளெல்லாம் சேர்ந்து மாமா சொன்ன அவசரம் வந்துவிடும்.

அந்தக் கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தண்ணீருக்குள் கிடந்த இரும்பை எண்ணெயில் முக்கி வைத்ததால்தான் துரு மேலே பரவாமல் நின்றிருக்கிறது. ஒரு வாரத்தில் முழுக்கப் பிரித்து வேலை பார்ப்பதாக இருந்தால் அது நல்ல முதலுதவி. அதையே வேலை முடிந்ததாக நினைத்துத் திருப்பிக் கொடுத்ததுதான் பிசகு.

இந்த வேலையை நான் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் செய்வேன். காரணம் ஃபேன். ஃபேன் ஓடினால் தூசி வரும், ஹேர் ஸ்பிரிங் ஆடும். ஃபேனை நிறுத்தினால் பாண்டிச்சேரியில் பகலில் உட்கார முடியாது. ஒரு சொட்டு வியர்வை எஃகுப் பாகத்தில் விழுந்தால் இரண்டே நாளில் துரு. விரல் ரேகை பட்டால்கூட அப்படியே பதிந்துவிடும். அதனால் விரலுறை. மேசையின் விளிம்பில் ஒரு வெள்ளை வேட்டியைக் குத்தி, மறுமுனையை என் இடுப்பில் செருகிக்கொள்வேன். பாய் சொல்லித் தந்தது. எது பறந்தாலும் வேட்டியில் விழும். பழுப்புத் தரையில் விழுந்த ஸ்பிரிங்கைத் தேடி ஒரு நாள் முழுக்கப் போகாது.

பிரிப்பதற்கு முன், வாட்சை ஓட்டும் சுருளான மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்க வேண்டும். சாவிக் குமிழை விரலால் பிடித்துக்கொண்டு, முறுக்கு அவிழாமல் பிடிக்கும் கொக்கியான கிளிக்கை ஓரமாகத் தள்ளி, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக விரலுக்கிடையே நழுவ விட வேண்டும். முறுக்கோடு பிரிட்ஜைக் கழற்றினால் சக்கரங்கள் தெறித்து ஊசிமுனைகள் முறிந்துவிடும். அப்புறம் பாலன்ஸ், அதற்கு விசையைத் தள்ளிக் கொடுக்கும் கவையான பேலட் ஃபோர்க், பேரல் பிரிட்ஜ், சக்கரங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, மகளின் பெயிண்ட் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, அடிக்கடி செல்போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

சேதம் நான் பயந்த அளவுக்கு இல்லை. சாவித் தண்டில் துரு பிடித்துக் குழி விழுந்திருந்தது. ஃபோர்த் வீலின் கீழ் முனையில் ஒரு கரும்புள்ளி. லென்சில் பார்த்தால் அதுவும் குழிதான், தேய்த்துப் போகாது. மெயின் ஸ்பிரிங் அடங்கிய டப்பாவான பேரலைத் திறந்தால் பழைய கிரீஸ் கறுத்துப் பிசினாகியிருந்தது. மெயின் ஸ்பிரிங்கும் சோர்ந்துபோயிருந்தது. வெளியே எடுத்தால் விரிந்து நிமிர வேண்டியது, சுருண்டபடியே கிடந்தது. எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட 2016 ஜனவரியில் முடிவெடுத்துவிட்டார்கள். புது உதிரி இனி வராது. கடைகளில் மிஞ்சிக் கிடக்கும் பழைய சரக்கும், ஓடாத வாட்சிலிருந்து எடுப்பதும்தான் வழி. அதற்காகவே சண்டே மார்க்கெட்டில் ஓடாத ஜனதா கிடைத்தால் வாங்கி வைப்பேன். ஃபோர்த் வீல் அப்படி ஒன்றிலிருந்து வந்தது. மெயின் ஸ்பிரிங் சென்னை பாரிமுனையில் முன்பே வாங்கி வைத்திருந்தது.

சண்டே மார்க்கெட் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆரஞ்சும் நீலமுமாகப் புது பெயிண்ட் அடித்த டயலோடு ஜனதா கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். மாமாவின் டயல் வெண்ணெய் உருக்கிய நிறத்துக்குப் பழுத்திருக்கிறது. '17 ஜுவல்ஸ்', 'பாரா ஷாக்' என்ற எழுத்துகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்த எச்.எம்.டி.யின் கைநேர்த்தி அந்த எழுத்தில் தெரியும். அதன்மேல் பெயிண்ட் அடிக்க எனக்கு மனம் வராது.

கழுவும்போது ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். பேலட் ஃபோர்க்கின் இரண்டு கற்களும், பாலன்ஸில் இருக்கும் ஒற்றைக் கல்லும் அரக்கால் ஒட்டப்பட்டவை. நம் தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துக் கதவுக்குப் பாலிஷ் போடுகிறார்களே, அதே அரக்கு. ஸ்பிரிட்டில் ஊறப் போட்டால் அரக்கு கரைந்து கல் கழன்றுவிடும். அதனால் இந்த இரண்டுக்கும் லைட்டர் பெட்ரோல் மட்டும். பாலன்ஸை அதில் மெல்ல அலசி எடுத்து, ஊதி உலர்த்தினேன். ஒட்டிக் கிடந்த சுற்றுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து சீராக நின்றன. நோய் அங்கேயே தீர்ந்தது. ஆனால் அதோடு மூடி வைத்திருந்தால் நானும் பாதி வேலை செய்தவனாகத்தான் இருந்திருப்பேன்.

சக்கரங்களின் ஊசிமுனைகளை நெட்டியில் குத்திக் குத்தி எடுத்தேன். மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டும் அதே நெட்டி. அழுக்காக உள்ளே போகிற முனை, எண்ணெய்க் கறையை நெட்டியில் விட்டுவிட்டு வரும். நெட்டியில் புள்ளி விழுவது நிற்கும் வரைக்கும் குத்த வேண்டும். கல் துளைகளுக்கு மூங்கில் சிராய். கூராகச் சீவித் துளைக்குள் விட்டுத் திருகினால் முனை கறுத்து வரும். மறுபடி சீவ வேண்டும். மறுபடி திருக வேண்டும். சிராய் சுத்தமாக வெளியே வந்தபோது தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

சக்கரங்களை மட்டும் மாட்டி, பேலட் ஃபோர்க் போடாமல், சாவியில் ஒரே ஒரு கிளிக் கொடுத்தேன். சக்கரங்கள் எல்லாம் சர்ரென்று சுழன்று, வேகம் குறைந்து, நின்று, நின்ற இடத்திலிருந்து, கடைசிச் சக்கரமான எஸ்கேப் வீல் ஒரு கணம் பின்பக்கமாகத் திரும்பியது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். எங்கேயும் பிடிப்பு இல்லை என்று வாட்சே சொல்கிற சாட்சி. எங்காவது அழுக்கோ வளைவோ இருந்தால் அந்தப் பின்திரும்பல் வராது, மொட்டையாக நிற்கும்.

கடைசியாக எண்ணெய். நான் பயன்படுத்தும் எண்ணெய்க் குச்சி 14ஆம் நம்பர் மிஷின் ஊசி. முனையை அரத்தால் தட்டையாக்கி நானே செய்தது. வேகமாக ஓடும் முனைகளுக்கு மோபியஸ் 9010 என்ற மெல்லிய வாட்ச் எண்ணெய். இரண்டு மில்லி பாட்டில், வாங்கி வருஷங்கள் ஆகின்றன, இன்னும் தீரவில்லை. எஸ்கேப் வீல், ஃபோர்த் வீல், பாலன்ஸ் கற்களுக்கு அது. மெதுவாகச் சுழலும் சென்டர் வீலுக்கும் பேரலுக்கும் கெட்டியான எண்ணெய். சாவித் தண்டுக்கும், நிமிட முள் உட்காரும் குழாய்க்கும் கிரீஸ். ஒவ்வொரு கல்லிலும் குழியில் பாதி. கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசிமுனையைச் சுற்றி ஒரு சின்ன வளையம் தெரியும், அவ்வளவுதான்.

விடாத இடங்களைச் சொல்கிறேன். பல்சக்கரத்தின் பல்லில் எண்ணெய் கிடையாது. விட்டால் தூசி ஒட்டி, உப்புத்தாள்போலப் பல்லையே தின்னும். ஹேர் ஸ்பிரிங்கில் கிடையாது, ஏன் என்று மாமாவின் வாட்சே சொல்லிவிட்டது. பேலட் ஃபோர்க்கின் முனைகளில் கிடையாது. இதுதான் புதிதாகக் கற்பவர் எல்லோரும் தவறும் இடம். அங்கேயும் கல் இருக்கிறதே, முனை இருக்கிறதே என்று தோன்றும். அந்த முனை முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சாய்கிறது, நொடிக்கு ஐந்து முறை. அதில் எண்ணெய் விட்டால் அதன் பிசுபிசுப்பே பாரமாகி, பாலன்ஸுக்குப் போக வேண்டிய விசையைத் தின்றுவிடும். பேலட் கற்களின் முகத்தில் மட்டும், எஸ்கேப் பல் வந்து மோதி வழுக்கும் இடத்தில், தொட்டும் தொடாமலும் ஒரு பொட்டு.

துடிப்பைக் கேட்டு வாட்சின் வேகத்தைக் காட்டும் டைம்கிராஃபரில் வைத்தேன். பிரிப்பதற்கு முன் அது எதையும் ஒழுங்காகக் காட்டவில்லை, கோடுகள் சிதறின. இப்போது முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, பாலன்ஸின் வீச்சு 268 பாகை. நாளுக்கு 12 நொடி முந்தல். வேகத்தைத் திருத்தும் நெம்பான ரெகுலேட்டரை மயிரிழை நகர்த்தி 6 நொடிக்குக் கொண்டுவந்தேன். இந்த வயது வாட்சுக்கு அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை.

மாமா வந்து வாங்கிக்கொண்டபோது முதல் கேள்வியே, "எண்ணெய் விட்டியா மாப்ள?"

"விட்டேன் மாமா."

"எவ்ளோ?"

ஒரு கண்ணாடித் துண்டில் எண்ணெய்க் குச்சியால் ஒரு பொட்டு வைத்துக் காட்டினேன். இதுபோல இருபது இருக்கும் என்றேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார், தெரியவில்லை. ஐ கிளாசைக் கொடுத்தேன். கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மில்லுல ஸ்பிண்டிலுக்கு நாங்க டப்பாவோட ஊத்துவோம்" என்றார்.

துருப்பிடித்த சாவித் தண்டு மட்டும் இன்னும் பாக்கி. துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி அதையேதான் மாட்டியிருக்கிறேன். கையில் இருந்த ஓடாத ஜனதாவில் தண்டு ஏற்கெனவே முறிந்திருந்தது. குழி விழுந்த தண்டு என்றைக்கு வேண்டுமானாலும் முறியும், பக்கவாட்டில் ஈரமும் விடும். வேறொன்று கிடைத்ததும் ஐப்பசி மழைக்கு முன்னால் வாட்சை இரண்டு நாள் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாமா இன்னும் சரி என்று சொல்லவில்லை.